ஆடிப் பட்டம்: ஆறிய எருவை நம்பி வயலில் கொட்டாதீர்கள்

ஆடிப் பட்டத்துக்கு எருக்குழியைக் காலி செய்ய டிராக்டர் பேசிவிட்டவர்கள், வண்டியை ஒரு வாரம் தள்ளிப் போடுங்கள். ஏக்கருக்கு 5 டன் தொழுவுரம் என்ற கணக்கு நன்றாக மக்கிய எருவுக்குத்தான்.

போன வருடம் மிளகாய் நாற்று கருகியதும் நிலக்கடலையை வேர்ப்புழு அறுத்ததும் மறந்திருக்காது. "குப்பை கறுப்பாத்தான் இருந்தது, தொட்டா சில்லுன்னு இருந்தது" என்றே எல்லோரும் சொன்னீர்கள். சில்லென்று இருக்கத்தான் செய்யும். சித்திரை, வைகாசி வெயிலில் குவியல் காய்ந்தால் மக்குவது பாதியில் நின்றுவிடும், சூடும் தணியும். ஆறிய எரு வேறு, மக்கிய எரு வேறு. மழை விழுந்ததும் ஆறிய எரு விட்ட இடத்திலிருந்து மறுபடி மக்கும், இந்த முறை உங்கள் பயிரின் வேரடியில். மண்ணிலுள்ள தழைச்சத்தை நுண்ணுயிர்கள் பிடித்துக்கொள்ள, பயிர் வெளுக்கும். அதைப் பார்த்து யூரியா வாங்க ஓடுவீர்கள்.

ஆகவே குவியலை நனைத்துப் பாருங்கள். கடப்பாரையால் நடுவில் குழி பறித்துத் தண்ணீர் ஊற்றி, கிளறி மூடுங்கள். பிடித்துப் பிழிந்தால் ஓரிரு சொட்டு வரும் ஈரம் போதும். நான்கைந்து நாளில் உள்ளே செருகிய கம்பி சுட்டால் மக்கவில்லை.

அதே ஈர எருவில் ஒரு பிடியைப் பாலித்தீன் பையில் கட்டி மூன்று நாள் நிழலில் வையுங்கள். மேலாக அள்ளாதீர்கள், இரண்டடி ஆழத்திலிருந்து எடுங்கள். பிரித்தால் மண்வாசனை வர வேண்டும். மூக்கைக் குத்தினாலோ புளித்து நாறினாலோ வேண்டாம். கோழி எருவுக்கு இதைக் கட்டாயம் செய்யுங்கள்.

கடைசியாக விதை. ஒரு சட்டியில் வெறும் மண், இன்னொன்றில் மண்ணும் எருவும் சரிபாதி. இரண்டிலும் 20 பச்சைப்பயறு. மண்ணில் 20 முளைத்தால் எருச் சட்டியில் 16 விதையாவது முளைக்க வேண்டும். வேர் நுனி கருகியிருக்கக் கூடாது.

தேறாத எருவை ஆடிக்குப் போடவே போடாதீர்கள். நனைத்து, 15 நாளுக்கு ஒருமுறை புரட்டி, ஓலை போட்டு மூடி, புரட்டாசிப் பட்டத்துக்கு மறுபடி சோதியுங்கள். நாற்றங்காலுக்கும், பச்சையாகத் தின்னும் முள்ளங்கி, வெங்காய வயலுக்கும் அரைகுறை எரு அறவே கூடாது. "கொஞ்சமா போட்டுக்கறேன்" என்று கேட்காதீர்கள்.

புரட்டும்போது தடித்த வெள்ளைப் புழுக்கள் தென்பட்டால் பொறுக்கி அழியுங்கள். தென்னந்தோப்பு பக்கத்தில் இருந்தால் அவை காண்டாமிருக வண்டின் புழுக்களாக இருக்கலாம். அப்படியானால் அவற்றைக் கொல்ல, குவியலில் மெட்டாரைசியம் பூஞ்சாணமும் கலக்க வேண்டும்.