கிகாஹெர்ட்ஸைப் பார்த்து விலை பேசாதே, தம்பி!

மயிலாடும்பாறையில் வீட்டு அலமாரி மேல் அண்ணனோ அக்காவோ வாங்கிய அரசு லேப்டாப் கிடக்கிறதா? 2011 செப்டம்பரில் தொடங்கிய அந்தத் திட்டத்தில் விண்டோஸோடு பாஸ் லினக்ஸும் போட்டுக் கொடுத்தார்கள். சி-டாக் நிறுவனம் டெபியனை வைத்து உருவாக்கிய திறமூல இயங்குதளம் அது. இப்போது தேனிக்குப் போய் செகண்ட் ஹாண்டில் ஒன்று வாங்கலாமா என்று யோசிக்கிறாய். பணத்தை எடுக்கும் முன் இரண்டின் பிராசஸரையும் ஓட்டிப் பார்த்துவிடு.

ஒரே லினக்ஸ் பென்டிரைவில் இரண்டையும் பூட் செய். ஒன்றில் 32 பிட், மற்றதில் 64 பிட் என்று இருந்தால் ஒப்பீடே செல்லாது. டெர்மினலில் 'எல்எஸ்சிபியு' அடித்தால் பிராசஸர் பெயர், கோர், கேஷ் எல்லாம் வரும். கிகாஹெர்ட்ஸ் ஒன்றாகவே இருந்தாலும், புதுத் தலைமுறை பிராசஸர் ஒரு துடிப்பில் கூடுதல் வேலை முடிக்கும். 'போகோமிப்ஸ்' என்று ஓர் எண் தெரியும். கெர்னல் தன் நேரக்கணக்குக்கு வைத்திருப்பது அது, வேகத்துக்கான அளவு அல்ல. கடைக்காரர் அதைக் காட்டினால் சிரித்துவிட்டு அடுத்த கடைக்குப் போ.

செல்போன் ஹாட்ஸ்பாட் போட்டு 'சிஸ்பெஞ்ச்' இறக்கு. பத்து நொடி பகா எண்களாகத் தேடிவிட்டு, நொடிக்கு எத்தனை ஈவென்ட் முடித்தது என்று சொல்லும். கூடுதலாக வந்தால் நல்லது. முதலில் ஒரே திரெட்டில் ஓட்டு. பிரவுசர், டைப்பிங்குக்கு அந்த எண்தான் பேசும். வீடியோ மாற்றுகிறவர்கள் எல்லாக் கோரையும் சேர்த்து ஓட்டிப் பார்க்கட்டும்.

நம்ம ஊர் வெயிலையும் கணக்கில் எடு. சித்திரை மதியம், தகரக் கூரைக்குக் கீழே, மெத்தை மேல் வைத்து ஓட்டினால் எந்த லேப்டாப்பும் தோற்கும். சூடு ஏறியதும் பிராசஸர் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். இரண்டையும் ஒரே மேஜையில், ஒரே நேரத்தில், சார்ஜரைச் செருகியே சோதி. பேட்டரியில் ஓடினால் மின்சாரத்தை மிச்சம் பிடிக்க வேகம் இறங்கும். ஒரு தடவையோடு நிறுத்தாதே. பத்து நிமிஷம் விடாமல் ஓட்டி, முதல் எண்ணையும் கடைசி எண்ணையும் பார். சரிவு பெரிதாக இருந்தால் ஃபேனில் தூசி, அல்லது தெர்மல் பேஸ்ட் காய்ந்திருக்கும். இரண்டுமே சின்னச் செலவு.

கடைசியாக, பழைய லேப்டாப்பை அதன் சொந்த டிஸ்க்கில் உள்ள லினக்ஸிலேயே பூட் செய்து, வழக்கமான வேலையைத் திறந்துவிட்டு 'டாப்' அடி. 'டபிள்யூஏ' எண் ஏறியே நின்றால் பிராசஸர் சும்மா காத்துக் கிடக்கிறது, இழுப்பது ஹார்ட் டிஸ்க். அப்படியென்றால் எஸ்எஸ்டி மட்டும் மாற்று. செகண்ட் ஹாண்ட் லேப்டாப் வேண்டாம்.