நேர்த்தூரமும் வழித்தூரமும்

நாஞ்சில் நாட்டின் வயல்வெளிகளைக் கடந்து வடக்கு நோக்கிச் செல்பவர், மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில் கீரிப்பாறை என்னும் சிற்றூரைக் காண்பர். ரப்பர்த் தோட்டங்களும் காடுகளும் சூழ்ந்த ஊர் அது. அதற்குக் கிழக்கே மகேந்திரகிரி 1,600 மீட்டருக்கு மேல் உயர்ந்து நிற்கின்றது. அம்மலைக்கு அப்பால் திருநெல்வேலி மாவட்டத்துத் திருக்குறுங்குடி உள்ளது. தெற்கே நாகர்கோவில் உள்ளது. இவ்விரண்டு ஊர்களுள் கீரிப்பாறைக்கு அண்மையில் இருப்பது எது?

ஊரார் சிறிதும் தயங்காமல், 'நாகர்கோவில்' என்பர். கணிப்பொறியோ, 'திருக்குறுங்குடி' என்று விடை தரக்கூடும். ஊரார் பொய் கூறவில்லை. கணிப்பொறியும் பிழை செய்யவில்லை. இவ்வேறுபாடு எவ்வாறு எழுந்தது என்பதை அறிய, தூரம் கணிக்கப்படும் முறையை முதலில் அறிதல் வேண்டும்.

உலகில் உள்ள ஒவ்வோர் இடத்தையும் இரண்டு எண்களால் குறிக்கலாம். நிலநடுக்கோட்டிலிருந்து வடக்கிலோ தெற்கிலோ எத்தனை பாகை விலகி உள்ளது என்பதைக் காட்டுவது அட்சரேகை. கிரீன்விச் கோட்டிலிருந்து கிழக்கிலோ மேற்கிலோ எத்தனை பாகை விலகி உள்ளது என்பதைக் காட்டுவது தீர்க்கரேகை. கீரிப்பாறைக்கு இவை ஏறத்தாழ 8.39, 77.41 ஆகும். நாகர்கோவிலுக்கு 8.18, 77.43 எனவும், திருக்குறுங்குடிக்கு 8.43, 77.56 எனவும் கொள்ளலாம்.

பாகைகளின் வேறுபாடு கிடைத்தபின் அதனைக் கிலோமீட்டராக மாற்ற வேண்டும். வடக்குத் தெற்காக ஒரு பாகை என்பது எங்கும் ஏறத்தாழ 111 கிலோமீட்டர். கிழக்கு மேற்காக அவ்வாறன்று. தீர்க்கரேகைகள் யாவும் துருவங்களில் ஒன்றுகூடுவதால், வடக்கே செல்லச் செல்ல அவற்றின் இடைவெளி குறுகுகின்றது. நிலநடுக்கோட்டில் 111 கிலோமீட்டராக உள்ள ஒரு பாகை, கீரிப்பாறையில் 110 கிலோமீட்டராகவும், லடாக்கில் உள்ள லே நகரில் 92 கிலோமீட்டராகவும் சுருங்குகின்றது. அட்சரேகையின் கோசைன் மதிப்பால் பெருக்கினால் இச்சுருக்கம் கணக்கில் சேரும்.

கணிப்பொறிக்கு நிரல் எழுதும் ஒருவர் இப்பெருக்கலை மறந்துவிட்டார் எனக் கொள்க. கீரிப்பாறைக்கும் திருக்குறுங்குடிக்கும் இடையே அவர் அடையும் பிழை 200 மீட்டருக்கும் குறைவே. நிரல் சரியாக உள்ளது என்று அவர் மகிழக்கூடும். அதே நிரலை லே நகரில் பயன்படுத்தினால், அதே பாகை வேறுபாட்டிற்குக் கிழக்கு மேற்கில் மட்டும் ஏறக்குறைய 3 கிலோமீட்டர் பிழை நேரும். தன் ஊரில் மறைந்திருக்கும் குற்றம் பிறர் ஊரில் வெளிப்படும். ஆதலால் ஒரே இடத்தில் சோதித்து அமைதல் போதாது.

இடங்கள் மிகத் தொலைவில் இருப்பின், உலகின் வளைவையும் கருதவேண்டும். உருண்டையின் மேல் இரண்டு புள்ளிகளை இணைக்கும் மிகக் குறுகிய பாதை, பெருவட்டத்தின் ஒரு பகுதியாகும். அதன் நீளத்தைக் காணக் கோசைன் விதி ஒன்று உண்டு. ஆயினும் அவ்விதிக்கு ஒரு குறை உள்ளது. மிகச் சிறிய கோணத்தின் கோசைன் மதிப்பு ஒன்றுக்கு மிக நெருங்கியது. ஏழு தசம இடங்கள் மட்டும் கொண்டு கணித்தால், ஒரு கிலோமீட்டர் இடைவெளியில் உள்ள இரண்டு தோட்டங்களுக்கு அம்மதிப்பு ஒன்றாகவே முடியும். தூரம் சுழி என்று விடை வரும்.

இக்குறையைக் களைவது ஹாவர்சைன் முறை. கடலோடிகளின் கணக்குகளுக்கு உதவிய இம்முறைக்கு, 1835-ஆம் ஆண்டில் ஜேம்ஸ் இன்மன் என்பவர் அப்பெயரை வழங்கினார். அட்சரேகை வேறுபாட்டில் பாதியை எடுத்து, அதன் சைன் மதிப்பை வர்க்கப்படுத்துக. தீர்க்கரேகை வேறுபாட்டில் பாதிக்கும் அவ்வாறே செய்து, அதனை இரண்டு அட்சரேகைகளின் கோசைன் மதிப்புகளாலும் பெருக்குக. இரண்டையும் கூட்டி, வர்க்கமூலம் கண்டு, அதனைச் சைன் மதிப்பாக உடைய கோணத்தை அறிக. அக்கோணத்தை ரேடியனில் கொண்டு இருமடங்காக்கி, உலகின் சராசரி ஆரமாகிய 6,371 கிலோமீட்டரால் பெருக்கினால் தூரம் கிடைக்கும். இம்முறை சிறிய தூரத்தையும் தவறவிடுவதில்லை.

உலகம் முழு உருண்டையன்று. துருவங்களில் சற்றே தட்டையானது. ஆதலால் இவ்விடையிலும் நூற்றுக்கு அரைப்பங்கு அளவு வரை பிழை இருக்கலாம். அதனினும் நுட்பம் வேண்டுவோர், 1975-ஆம் ஆண்டில் வின்சென்டி வெளியிட்ட சூத்திரங்களைப் பயன்படுத்துகின்றனர்.

கணிப்பொறி விரைவாகக் கணிக்கும். தனக்குக் கொடுக்கப்பட்டது சரியா என்று தானே ஆராயாது. பல கணிப்பொறி மொழிகளில் சைன், கோசைன் கட்டளைகள் கோணத்தை ரேடியனாகவே ஏற்கின்றன. பாகையை அப்படியே கொடுத்துவிட்டால், கீரிப்பாறைக்கும் நாகர்கோவிலுக்கும் இடையே 1,300 கிலோமீட்டருக்கு மேல் என்று விடை வரும். அது நாகர்கோவிலிலிருந்து சென்னைக்கு உள்ள நேர்த்தூரத்தின் இருமடங்கினும் மிகுதி! அட்சரேகையையும் தீர்க்கரேகையையும் இடம் மாற்றி எழுதினால், கீரிப்பாறை ஸ்பிட்ஸ்பெர்கன் தீவுக்கு மேற்கே உள்ள வடகடலில் போய் அமையும். இத்தகைய பெரும்பிழைகளை அறிவுடையவர் உடனே கண்டுகொள்வர். சிறுபிழைகளைக் காண்பதற்கே விழிப்பு வேண்டும்.

இவ்விழிப்பு புதியதன்று. 1802-ஆம் ஆண்டில் வில்லியம் லாம்டன் என்பவர் சென்னைப் பரங்கிமலை அருகே ஓர் அடிக்கோட்டை அளந்து, பெரும் நிலஅளவையைத் தொடங்கினார். அந்த அளவையின் பெருவளைவு தெற்கே கன்னியாகுமரியை அடுத்த பகுதியிலிருந்து வடக்கே இமயமலை அடிவாரம் வரை சென்றது. கணிப்பொறி இல்லாத அக்காலத்தில் மனிதரே கணித்தனர். 1831-ஆம் ஆண்டில் அப்பணியில் சேர்ந்த வங்காளத்து இராதாநாத் சிக்தார், அவர்களுள் புகழ்பெற்றவர். முக்கோணங்களால் கணித்த நீளம் சரியா என்று அறிய, அவர்கள் இடையிடையே வேறோர் அடிக்கோட்டை நிலத்திலேயே அளந்து ஒப்பிட்டனர். கணக்கின் முடிவை நிலத்தோடு ஒப்புநோக்கிய அவர்தம் ஒழுங்கு, நிரல் எழுதுவோர்க்கும் உரியது.

இனி, முதலில் எழுந்த வினாவுக்கு வருவோர் விடையை எளிதில் காண்பர். ஹாவர்சைன் முறைப்படி, கீரிப்பாறைக்கும் நாகர்கோவிலுக்கும் இடையே ஏறத்தாழ 23 கிலோமீட்டர். திருக்குறுங்குடிக்கோ ஏறத்தாழ 17 கிலோமீட்டர். கணக்கு சரியே. ஆனால் அந்த 17 கிலோமீட்டரும் பறவை செல்லும் வழி. வண்டியில் செல்பவர் தெற்கே இறங்கி, ஆரல்வாய்மொழிக் கணவாயைக் கடந்து, பணகுடி வழியாக மீண்டும் வடக்கே திரும்பி, மலையைச் சுற்றியே திருக்குறுங்குடியை அடைதல் வேண்டும்.

விடியற்காலையில் தோட்டத்தில் பால் எடுக்கும் தொழிலாளி ஒருவரைப் பாம்பு தீண்டிவிட்டது எனக் கொள்க. அவரைக் கொண்டுசெல்ல வண்டியை அழைக்கின்றனர். எங்கிருந்து வண்டியை அனுப்புவது என்பதை ஒரு நிரல் நேர்த்தூரம் கொண்டே முடிவு செய்யுமாயின், அது மலைக்கு அப்பால் உள்ள வண்டியைத் தேர்ந்தெடுக்கும். சூத்திரத்தில் பிழை இராது. தசமத்திலும் பிழை இராது. ஆயினும் அந்த உயிருக்கு உரிய நேரம் மலையைச் சுற்றுவதிலேயே கழிந்துவிடும். கேட்கவேண்டிய வினா, 'எவ்வளவு தூரம்?' என்பதன்று, 'எவ்வளவு நேரத்தில் வந்துசேர முடியும்?' என்பதே.

கடலில் செல்லும் படகுக்கும் வானில் செல்லும் விமானத்திற்கும் நேர்த்தூரம் பெரிதும் உதவும். மலைநாட்டில் வாழ்வோர்க்கு வழித்தூரமே உதவும். எத்தூரம் எவர்க்கு வேண்டும் என்று உணர்ந்து கணிப்பதே அறிவு. அவ்வுணர்வைக் கணிப்பொறி தானாகப் பெறாது; நிரல் எழுதுபவரே அதனைத் தருதல் வேண்டும். கீரிப்பாறை ஊரார் எந்தச் சூத்திரமும் கல்லாமல் அளித்த விடையில் அவ்வறிவு இருந்தது.