இந்தக் கப்சியூலை விழுங்கலாமா?

2025 நவம்பரில் டித்வா சூறாவளியின்போது நுவரெலியா மாவட்டத்தில் எத்தனையோ குடும்பங்கள் மண்சரிவுக்கு அஞ்சி வீட்டைவிட்டு வெளியேறின. இப்படி ஒதுங்கும் இடங்களில் பலருடைய மருந்துகள் ஒரே பையில் கலந்துவிடுவதுண்டு. அவற்றுள் விரல் நீளமான, விசில் போன்ற ஒரு பிளாஸ்டிக் குழாயும் சில கப்சியூல்களும் இருக்கக்கூடும். அது என்ன?

அதன் பெயர் தூள் இன்ஹேலர். இழுப்பு என்னும் ஆஸ்துமாவுக்கு உரியது. இறம்பொடை போன்ற குளிரும் பனிமூட்டமும் உள்ள ஊர்களில், அடுப்புப் புகை சூழ்ந்த அறைகளில் வாழும் நோயாளருக்கு மிகவும் தேவையானது.

அடையாளம்: ஒரு முனை வாயில் வைப்பதற்கு ஏற்றது. மறுமுனையில் கப்சியூல் செருகும் துளை உண்டு. குழாயைத் திருகினால் கப்சியூல் பிரிந்து தூள் உள்ளே கொட்டும். உலோகக் குப்பி பொருத்தி, அழுத்தினால் மருந்து சீறும் இன்ஹேலர் வேறொரு வகை.

பாவிக்கும் முறை: முதலில் மூச்சை வெளியே விடுங்கள், குழாய்க்குள் ஊதாதீர்கள். பின் உதடுகளால் இறுகக் கவ்வி, வாயால் வேகமாகவும் ஆழமாகவும் உள்ளே இழுங்கள். பத்து வினாடி மூச்சை அடக்குங்கள்.

கப்சியூலை விழுங்கக் கூடாது. அதிலுள்ள சிறிதளவு தூள் நுரையீரலுக்குச் செல்லவேண்டியது. வயிற்றுக்குள் போனால் இழுப்பு தணியாது. நோயாளரோ மருந்து எடுத்துவிட்டோம் என்று நம்பியிருப்பார். ஆபத்து அங்கேதான்.

மருந்திலும் இரு வகை உண்டு. சல்பியூட்டமோல் சில நிமிடங்களில் மூச்சுத் திணறலைத் தணிக்கும். பெக்லோமெதசோன் இழுப்பு வராமல் தடுக்க நாள்தோறும் எடுப்பது. வந்த இழுப்பை உடனே நிறுத்தாது. இதை எடுத்தபின் வாயைக் கொப்பளித்துத் துப்பவேண்டும். நிறத்தை நம்பாமல், உறையிலுள்ள பெயரை வாசியுங்கள். பெயர் தெரியாவிட்டால் ஒருவருக்கும் கொடுக்காமல் கிளினிக்கிலோ தோட்ட வைத்திய உதவியாளரிடமோ காட்டுங்கள்.

ஈரம் பட்டால் தூள் கட்டிபடும். எனவே கப்சியூல்களை இறுக மூடிய போத்தலில், நோயாளரின் பெயரெழுதி வையுங்கள்.

பேச முடியாத திணறலோ உதடு நீலமாதலோ கண்டால் தாமதிக்காமல் 1990 இலவச அம்புலன்ஸை அழையுங்கள்.

கலந்துரையாடுவோம்:
1. நம்மிடையே இழுப்புள்ளவர்கள் யார்? அவர்களது மருந்து எங்கே இருக்கிறது?
2. அயலவரின் இன்ஹேலரை இரவில் அவசரமாகத் தேடவேண்டி வந்தால், நமக்கு அடையாளம் தெரியுமா?