கடவுச்சொல் கேட்காத கதவு

கோலாலம்பூர் மஸ்ஜித் இந்தியா சாலையில் காலையில் நடப்பவர்கள், துணிக்கடைகளின் இரும்புக் கதவுகள் ஒன்றன்பின் ஒன்றாக மேலேறும் ஓசையைக் கேட்டிருப்பார்கள். இரவெல்லாம் அக்கதவுகளில் தொங்கிய பூட்டுகளை யாரும் பார்க்கலாம், தொட்டும் பார்க்கலாம். கடைக்காரருக்கு அதனால் கவலையில்லை. சாவி அவரிடம் இருக்கிறது. தொலைவிலுள்ள கணினிக்குள் கடவுச்சொல் இல்லாமல் நுழையும் முறையும் ஏறக்குறைய இப்படிப்பட்டதே.

ஒரு கடையின் இணையத்தளம் பெரும்பாலும் அந்தக் கடையில் இருப்பதில்லை. வேறோர் ஊரில், சில வேளை வேறு நாட்டில் உள்ள சேவையகத்தில் இருக்கும். அதைப் பராமரிப்பவர் தம் மேசையிலிருந்தே அதனுள் நுழைய வேண்டும். முன்பு இதற்கு டெல்நெட் என்னும் முறை பயன்பட்டது. அதில் தட்டச்சு செய்யும் கடவுச்சொல், அஞ்சலட்டையில் எழுதிய செய்தியைப் போல மறைப்பின்றிப் பயணம் செய்தது. 1995ஆம் ஆண்டு பின்லாந்தின் ஹெல்சிங்கி தொழில்நுட்பப் பல்கலைக்கழக வலையமைப்பில் யாரோ ஒட்டுக்கேட்கும் நிரலைப் பொருத்திக் கடவுச்சொற்களைத் திருடினர். அங்கு ஆய்வாளராக இருந்த தாத்து யுலோனன், அதே ஆண்டு ஜூலையில் எஸ்.எஸ்.எச். என்னும் பாதுகாப்பான முறையை உருவாக்கி இலவசமாக வெளியிட்டார்.

எஸ்.எஸ்.எச். கடவுச்சொல்லை மறைத்து அனுப்பும். ஆனால், கடவுச்சொல் எளியதாக இருந்தால் பிறர் அதை ஊகித்துவிடலாமே! இணையத்தில் திறந்திருக்கும் சேவையகத்தின் 22ஆம் எண் வாயிலைத் தானியங்கி நிரல்கள் இரவும் பகலும் தட்டி, ‘123456’ போன்ற சொற்களை முயன்று பார்க்கின்றன. இதற்குத் தீர்வாக அமைந்ததே சாவியிணை.

‘எஸ்.எஸ்.எச்-கீஜென்’ என்னும் கட்டளையை இட்டால் இரண்டு கோப்புகள் உருவாகும். ஒன்று பொதுச்சாவி, பூட்டைப் போன்றது, யாரிடமும் கொடுக்கலாம். மற்றொன்று தனிச்சாவி; உரியவரின் கணினியை விட்டு வெளியேறக் கூடாது. ‘எஸ்.எஸ்.எச்-காப்பி-ஐடி’ என்னும் கட்டளை பொதுச்சாவியைச் சேவையகத்தின் அனுமதிப் பட்டியலில் ஒரு வரியாகச் சேர்க்கும். அதன்பின், நுழையும் ஒவ்வொரு முறையும் கணினி தனிச்சாவியால் ஒரு மின்கையொப்பம் இடும். சேவையகம் அதைப் பொதுச்சாவியால் சரிபார்க்கும். உண்மையான பூட்டில் சாவியை நுழைத்தே ஆக வேண்டும். இங்கோ சாவியைக் காட்டாமலேயே கதவு திறக்கிறது.

புதியவர்கள் தடுமாறும் இடங்களும் உண்டு. பட்டியல் இருக்கும் கோப்புறையைப் பிறரும் மாற்றக்கூடிய நிலையில் விட்டுவைத்தால், சேவையகம் அதை நம்பாது. மீண்டும் கடவுச்சொல்லையே கேட்கும். கோப்புறைக்கு 700, பட்டியலுக்கு 600 என்று உரிமை எண்களை அமைத்தால் சரியாகிவிடும். இன்னொரு தவறு இதைவிடப் பெரியது. சாவி வேலை செய்கிறதா என்று பார்க்காமலேயே சிலர் கடவுச்சொல் வழியை அடைத்துவிடுவர். பிறகு உரிமையாளரே வெளியில் நிற்க வேண்டியதுதான். ஆகவே, முதல் சாளரத்தை மூடாமல், இரண்டாவது சாளரத்தில் நுழைந்து பார்த்த பின்னரே அவ்வழியை அடைக்க வேண்டும்.

மடிக்கணினியை மஸ்ஜித் ஜாமேக் இரயில் நிலையத்தில் தவறவிட்டால் என்ன செய்வது? தனிச்சாவிக்கு ஒரு மறைத்தொடர் இட்டிருந்தால், எடுத்தவர் அதை உடனே பயன்படுத்த முடியாது. உரியவர் அதற்குள் வேறு கணினியிலிருந்து நுழைந்து, பட்டியலில் உள்ள பழைய வரியை அழித்துவிடலாம். பணியாளர் ஒருவர் வேலையை விட்டுச் சென்றாலும் அப்படியே. கடைக் கதவாக இருந்தால் பூட்டை மாற்றி, எல்லாருக்கும் புதிய சாவி கொடுக்க வேண்டும். இங்கு அவருடைய ஒரு வரி நீங்கினால் போதும், மற்றவர்கள் வழக்கம்போல் நுழைவார்கள்.