ஊடலும் உறவே – ‘மின்னிடை மடவார்’ காட்டும் நெறி

ஸ்ரீமதே ராமாநுஜாய நம:

திருவாய்மொழியின் ஆறாம் பத்தில், முதல் திருவாய்மொழியில் பராங்குச நாயகி திருவண்வண்டூர் எம்பெருமானிடம் பறவைகளைத் தூது விட்டாள். அவன் வரத் தாழ்த்தான். காத்திருந்து நொந்த நெஞ்சம், இனி அவன் வந்தாலும் முகங்கொடுப்பதில்லை என்று துணிந்தது. அந்நிலையில் பிறந்ததே ‘மின்னிடை மடவார்’ என்னும் அடுத்த திருவாய்மொழி. தாழ்த்து வந்த கண்ணனோடு ஊடும் ஆய்ச்சியரின் பாவனையில் ஆழ்வார் இதனை அருளிச்செய்கிறார். பூர்வாசார்யர்கள் இதற்கு ‘ப்ரணய ரோஷம்’ என்று பெயரிட்டனர். ப்ரணயம் அன்பு, ரோஷம் சினம். அன்பில்லாத இடத்தில் இச்சினம் தோன்றாது.

முதற்பாசுரத்திலேயே அவனைப் ‘போ’ என்கிறாள். வெறுமனே அன்று; தன் பந்தையும் கழலையும் தந்துவிட்டுப் போகச் சொல்கிறாள். முற்றும் வெறுத்தவள் வாய்மூடிப் போயிருப்பாள். இவளோ பாசுரந்தோறும் அவனை நோக்கியே பேசுகிறாள். விலக்கும் சொல்லும் அவன் திருச்செவிக்கென்றே பிறக்கிறது.

அவனும் போகவில்லை. அவர்கள் இழைத்த சிற்றிலையும் சிறுசோற்றையும் திருவடியால் அழிக்கிறான். ஒன்பதாம் பாசுரத்தில் அவள் முறையிடுகிறாள்: எங்கள் விளையாட்டைக் கண்டு, முகம் மலர முறுவலித்து நின்றிருக்கலாகாதா? சினத்தின் அடியில் கிடந்த ஆசை இங்கே வெளிப்பட்டுவிடுகிறது. அவன் போகவேண்டும் என்பதன்று, அருகே நிற்கவேண்டும் என்பதே அவள் உள்ளக்கிடக்கை.

பத்தாம் பாசுரம் இன்னும் நுட்பமானது. ஆயர் குலம் உய்யத் தோன்றிய சுடரே என்று போற்றும் அதே வாய், உன்னால் நாங்கள் என்றும் நலிவே படுகிறோம் என்றும் சொல்கிறது. பட்ட நோவு மறக்கப்படவில்லை, மறைக்கப்படவுமில்லை. நோவும் ஏத்துதலும் ஒரே பாசுரத்தில் அருகருகே நிற்கின்றன.

அடுத்த திருவாய்மொழியில் ஆழ்வார் திருவிண்ணகரப்பனை வறுமையும் செல்வமும், பகையும் நட்பும், நஞ்சும் அமுதமுமாய் நிற்பவனாக அநுபவிக்கிறார். ஊடிநின்ற தம்மையும் சேர்த்துக்கொண்ட திறத்தைக் கண்டன்றோ, சேராதவற்றைச் சேர்க்கும் அவன் ஸாமர்த்தியத்தில் ஆழ்வார் இவ்வாறு ஈடுபடுகிறார்!

இதில் நமக்கொரு பாடம் உண்டு. பேரிழப்பு நேர்ந்தபின், வேண்டியது கைகூடாதபின், ஸந்நிதியில் நின்றாலும் நா எழாத அடியார்கள் உண்டு. தம் பக்தியே போய்விட்டது என்று அவர்கள் கலங்குவர். ஆழ்வார் திருவுள்ளத்தைக் கொண்டு பார்த்தால், முறையீடு பக்திக்குக் குறையன்று. பேச்சே அற்றுப்போவதுதான் அஞ்சத்தக்கது. நெஞ்சு திறப்பதற்குப் பழம்புண் ஆறியிருக்க வேண்டும் என்பதில்லை. புண்ணோடேயே அவனிடம் பேசலாம். ‘ஏன் தாழ்த்தாய்’ என்று கேட்கலாம். அடைத்த கதவைத் திறப்பிக்கும் பொறுப்பு அவனுடையது. விலக்கினாலும் போகாமல் நிற்பது அவன் ஸ்வபாவம்.

ஆழ்வார் திருவடிகளே சரணம்.