காலை உணவாகச் சொக்லேட் ஓட்ஸ் கஞ்சி: வீட்டில் தயாரிக்கும் முறை

குளிர்காலக் காலையில், பாடசாலைப் பேருந்து வருவதற்குள் பிள்ளைகளுக்குச் சூடாக ஏதேனும் கொடுத்து அனுப்பிவிட வேண்டும் என்பதே பெரும்பாலான வீடுகளின் அவசரம். அந்த அவசரத்துக்கு ஏற்ற உணவாகச் சொக்லேட் சுவையூட்டிய ஓட்ஸ் சிறுபொதிகள் அங்காடிகளில் அடுக்கப்பட்டுள்ளன. கொதிநீரை ஊற்றிக் கலக்கினால் உணவு தயார், பிள்ளைகளும் மறுப்பதில்லை. ஓட்ஸ் உடலுக்கு நல்லது என்று மருத்துவர் சொன்னதை நினைவில் வைத்து, நீரிழிவுள்ள அப்பப்பாவும் அதே பொதியைப் பிரித்து உண்கிறார். கவனம் தேவைப்படுவது அங்கேதான். மருத்துவர் குறிப்பிட்டது ஓட்ஸை. பொதிக்குள் இருப்பது ஓட்ஸும் சீனியும்.

சுவையூட்டிய சிறுபொதி ஒன்றில் 12 கிராம் வரை சீனி இருப்பது வழக்கம். ஒரு தேக்கரண்டி சீனி ஏறத்தாழ 4 கிராம் ஆகையால், இது மூன்று தேக்கரண்டிக்குச் சமம். தேநீரில் சீனியை நிறுத்திவிட்டதாகப் பெருமையுடன் கூறும் ஒருவர், மூன்று கரண்டிச் சீனியைக் காலையுணவிலேயே அறியாமல் உட்கொண்டுவிடுகிறார். ஒரு பொதி வயிற்றுக்குப் போதாமல் இரண்டாக உண்பவர்களும் உளர். அப்போது அளவு 24 கிராம் ஆகிறது. உணவில் புறம்பாகச் சேர்க்கப்படும் சீனியை வளர்ந்தவர் ஒருவர் நாளொன்றுக்கு ஏறத்தாழ 25 கிராமுக்குள் வைத்திருப்பது மேலும் நன்மை தரும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் ஆலோசனை. காலை எட்டு மணிக்கே அந்நாளின் பங்கு முடிந்துவிடுகிறது.

கனடாவில் விற்கப்படும் பொதிகளின் பின்புறத்தில் ஊட்டச்சத்து அட்டவணை கட்டாயமாக இருக்கும். அதில் 'சுகர்ஸ்' என்ற வரியைத் தேடி, அதற்கு நேரே உள்ள நூற்றுவீதத்தைப் பார்க்க வேண்டும். 5 வீதம் அல்லது அதற்குக் குறைவு எனில் சொற்பம்; 15 வீதம் அல்லது அதற்கு மேல் எனில் அதிகம். 2026 ஜனவரி முதல், சீனியோ உப்போ நிறைகொழுப்போ அதிகமுள்ள உணவுகளின் முன்புறத்தில் உருப்பெருக்குக் கண்ணாடிச் சின்னம் இடப்பட வேண்டும் என்ற விதி நடைமுறையில் உள்ளது. ஆயினும் அச்சின்னம் இல்லாததையே நற்சான்றாகக் கொள்ளலாகாது. அட்டவணையின் கணக்குப்படி 100 கிராம் சீனியே 100 வீதம். ஆகவே 12 கிராம் சீனியுள்ள பொதிக்கு 12 வீதமே வரும். சின்னம் இடும் எல்லையை அது எட்டுவதில்லை. இரண்டு பொதிகளை உண்பவர் அந்த எல்லையைத் தாண்டிவிடுகிறார். அதைச் சொல்லிவைக்க எந்தச் சின்னமும் இருக்காது.

இதற்கு மாற்றாக, அதே சுவையுள்ள கஞ்சியை வீட்டிலேயே பத்து நிமிடங்களில் காய்ச்சலாம். தேவையானவை இரண்டே முக்கியப் பொருட்கள்: வெறும் ஓட்ஸ், சீனி கலவாத கொக்கோ தூள்.

ஓட்ஸ் நான்கு வடிவங்களில் கிடைக்கிறது. தானியத்தை இரும்புக் கத்தியால் துண்டாக்கியது 'ஸ்டீல் கட்'. ஆவியில் வேகவைத்துத் தட்டையாக உருட்டியது 'லார்ஜ் பிளேக்'. மேலும் மெல்லியதாக உருட்டியது 'குயிக்'. ஏறக்குறைய முழுமையாகவே வேகவைத்து உலர்த்தியது 'இன்ஸ்டன்ட்'. எந்த அளவுக்கு மெலிதாக்கப்பட்டு முன்கூட்டியே வேகவைக்கப்பட்டிருக்கிறதோ, அந்த அளவுக்கு விரைவாகச் சமிபாடடைந்து இரத்தத்தில் குளுக்கோசை உயர்த்தும். துண்டு ஓட்ஸ் வேக அரைமணி நேரம் வரை எடுக்கும்; வேலைநாளில் அது கைகூடாது. ஆதலின் காலை உணவுக்கு லார்ஜ் பிளேக் வகையே நடைமுறைக்கு ஏற்றது. இந்த ஓட்ஸின் பெரும்பகுதி சஸ்காச்சுவான், மனிடோபா போன்ற மேற்குச் சமவெளி மாகாணங்களில் விளைகிறது. ஒரு கிலோ பொதியில் 25 பேருக்கான கஞ்சி காய்ச்சலாம். அங்காடியின் விலைச்சீட்டைச் சிறுபொதிகளின் விலையோடு ஒப்பிட்டால் மிச்சம் எவ்வளவு என்பது விளங்கும்.

ஓட்ஸில் உள்ள பீற்றா குளுக்கன் என்னும் கரையும் நார்ச்சத்தே கஞ்சிக்கு வழுவழுப்பைத் தருகிறது. உழுந்தங்கஞ்சியைப் போலப் பிசுபிசுப்பாக இருக்கிறதே என்று சிலர் முகம் சுளிப்பதுண்டு. அந்தப் பிசுபிசுப்புத்தான் பயனுள்ள பகுதி. நாளொன்றுக்கு 3 கிராம் பீற்றா குளுக்கன் உட்கொள்வது கொலஸ்டரோலைக் குறைக்க உதவும் என்பதைக் கனடிய சுகாதாரத் திணைக்களம் 2010ஆம் ஆண்டில் ஏற்றுக்கொண்டது. 40 கிராம் ஓட்ஸில் ஏறத்தாழ அதில் பாதி கிடைக்கிறது.

கொக்கோ தூள் வாங்கும்போது ஏமாறுவது எளிது. தேநீர், கோப்பி வரிசையில் இருக்கும் சொக்லேட் பானத் தூள்களில் பலவற்றின் முதன்மைப் பொருள் சீனியே. கேக் தயாரிக்கும் பொருட்கள் உள்ள வரிசையில்தான் தூய கொக்கோ தூள் இருக்கும். அதன் உள்ளடக்கப் பட்டியலில் கொக்கோவைத் தவிர வேறெதுவும் பெரிதாக இராது. அதிலும் இரு வகை உண்டு. இயற்கையான தூள் வெளிர் நிறமும் சற்றுப் புளிப்புங் கொண்டது. காரம் சேர்த்துப் பதப்படுத்திய 'டச்' தூள் கருநிறமும் மென்சுவையும் உடையது. இரண்டும் கஞ்சிக்கு உதவும். சீனியின்றிப் பழகத் தொடங்குவோருக்கு டச் வகையே கசப்புக் குறைவாக இருக்கும்.

ஒருவருக்கான அளவு: லார்ஜ் பிளேக் ஓட்ஸ் அரைக் கோப்பை (40 கிராம்), தண்ணீர் முக்கால் கோப்பை, பால் அரைக் கோப்பை, கொக்கோ தூள் ஒரு மேசைக்கரண்டி, நன்கு பழுத்த வாழைப்பழம் பாதி, கறுவாத்தூள் கால் தேக்கரண்டி, உப்பு ஒரு சிட்டிகை. நால்வருக்கு ஒவ்வொன்றையும் நான்கு மடங்காகக் கூட்டிக்கொள்ளலாம். உப்பை மட்டும் இரு சிட்டிகையோடு நிறுத்துவது நன்று.

முதலில் கொக்கோவைச் சிறு கிண்ணத்தில் இட்டு, இரண்டு மேசைக்கரண்டி சுடுநீர் விட்டுப் பசையாகக் குழைக்க வேண்டும். கொக்கோவில் கொழுப்பு இருப்பதால், குளிர்ந்த பாலில் நேரே கொட்டினால் கட்டி கட்டியாக மிதக்கும். எவ்வளவு கலக்கினாலும் கரையாது. முதன்முறை செய்வோர் பெரும்பாலும் இவ்விடத்திலேதான் தவறுகின்றனர். பின்னர் பாத்திரத்தில் தண்ணீரைக் கொதிக்கவைத்து, ஓட்ஸையும் உப்பையும் இட்டு, அடுப்பைத் தணித்து ஐந்து நிமிடம் வேகவிட வேண்டும். ஓட்ஸ் நீரை உறிஞ்சியதும் பாலையும் கொக்கோப் பசையையும் சேர்த்து, அடிப்பிடிக்காமல் மேலும் இரண்டு மூன்று நிமிடம் கிளற வேண்டும். இறக்கும்போது மசித்த வாழைப்பழத்தையும் கறுவாவையும் கலக்கலாம். தோலில் கரும்புள்ளிகள் விழுந்த பழமே இதற்கு உகந்தது. அதன் இனிப்பு போதுமானது. சிட்டிகை உப்பு கொக்கோவின் கசப்பை மட்டுப்படுத்தும். கறுவாவுக்குப் பதில் ஏலக்காயும் பொருந்தும்.

மைக்ரோவேவில் காய்ச்ச விரும்புவோர் பெரிய கிண்ணத்தைப் பயன்படுத்த வேண்டும். சிறு கிண்ணமெனில் பொங்கி வழிந்துவிடும். அடுப்பே வேண்டாதவர்கள் ஓட்ஸ், பால், கொக்கோப் பசை ஆகியவற்றை மூடியுள்ள போத்தலில் கலந்து இரவு குளிர்சாதனப் பெட்டியில் வைத்தால், காலையில் ஊறி மென்மையாக இருக்கும். தேங்காய்ப்பால் சேர்த்தால் சுவை கூடும் என்பதில் ஐயமில்லை. எனினும் அதிலுள்ள நிறைகொழுப்புக் காரணமாக அதை விசேட நாட்களுக்கு ஒதுக்குவது நல்லது.

வழமையாகச் சொக்லேட் பொதிக்குப் பழகிய பிள்ளை, முதல் நாளில் இக்கஞ்சியை விரும்பி உண்ணும் என எதிர்பார்க்க இயலாது. முதல் வாரத்தில் ஒரு தேக்கரண்டி சீனி சேர்த்து, அடுத்த வாரம் அரைக் கரண்டியாக்கி, பின்னர் நிறுத்தலாம். ஒரு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்குத் தேன் கலந்து கொடுக்கக் கூடாது. கச்சான், கஜு போன்றவற்றைத் தூவி உண்ட பிள்ளைகள் கையையும் வாயையும் கழுவியே பாடசாலை செல்ல வேண்டும். உடன் படிக்கும் பிள்ளைக்குக் கடும் ஒவ்வாமை இருக்கக்கூடும்.

இனி அப்பப்பாவின் கிண்ணம். தெற்காசிய மக்களிடையே இரண்டாம் வகை நீரிழிவு ஏற்படும் ஆபத்து அதிகம் என்பதால், இது பல குடும்பங்களுக்குப் பொருந்தும். மேற்கூறிய அளவில் ஏறத்தாழ 50 கிராம் மாச்சத்து உண்டு. அதில் 7 கிராம் நார். சீனி சேர்க்கவில்லை என்பதற்காக இரண்டு கிண்ணம் உண்டால் பயனில்லை. வாழைப்பழத்துக்குப் பதிலாக ஒரு பிடி புளூபெரி இட்டால் மாச்சத்துக் குறையும்; அவித்த முட்டை ஒன்றைச் சேர்த்தால் பசி தாங்கும். உண்ணத் தொடங்கி இரண்டு மணி நேரம் கழித்து இரத்தத்தைச் சோதித்துப் பார்ப்பதே இக்கஞ்சி ஒருவரின் உடலுக்கு ஏற்றதா என்பதை அறியும் வழி. வளர்ந்தவர் பலருக்கு அப்போதைய இலக்கு 5 முதல் 10 மில்லிமோல் வரை; மருத்துவர் வேறு இலக்குக் கூறியிருப்பின் அதுவே கணக்கு. இன்சுலின் எடுப்போர் உணவை மாற்றுமுன் மருத்துவருடன் பேச வேண்டும். கொக்கோவிலும் வாழைப்பழத்திலும் பொட்டாசியம் மிகுதி. சிறுநீரக நோயுள்ளோர் ஆலோசனையின்றி இதைத் தொடங்கலாகாது. கோதுமைப் புரதம் ஒவ்வாத சீலியாக் நோயாளர், குளூட்டன் அற்றது எனக் குறிக்கப்பட்ட ஓட்ஸையே வாங்க வேண்டும். ஏனைய ஓட்ஸில் கோதுமை கலந்திருக்கலாம்.

ஒன்ராறியோவில் வசிப்போர் அருகிலுள்ள நீரிழிவுக் கல்வி நிலையத்தையோ உணவு உதவிச் சேவைகளையோ அறிய 211 என்ற இலக்கத்தை அழைக்கலாம். தமிழில் பேச உரைபெயர்ப்பாளர் தேவை என அழைப்பின் தொடக்கத்திலேயே கூற வேண்டும். உடல்நலம் பற்றிய வினாக்களுக்கு 811இல் எந்நேரமும் தாதியருடன் பேசலாம். உணவியலாளரைச் சந்திக்கச் செல்லும்போது, வீட்டில் வழக்கமாக வாங்கும் ஓட்ஸ் பொதியின் அட்டையையும் குளுக்கோஸ் அளவுகளை எழுதிய குறிப்பேட்டையும் கையோடு எடுத்துச் செல்வது உதவியாக இருக்கும்.