கதவைத் தட்டிய ஆராய்ச்சி

கேள்வி: சமூக ஆராய்ச்சிக்கென்றே அறக்கட்டளை நடத்துகிறார்களாமே! அறிக்கை எழுதுவதைத் தவிர அவர்களால் என்ன பயன்?
– வாசகர், விருதுநகர்

பதில்: உங்கள் எரிச்சல் நியாயம்தான். பல அறிக்கைகள் அலமாரியில் தூங்குகின்றன. லண்டனின் யங் ஃபவுண்டேஷன் கதை கொஞ்சம் வேறு.

1950-களில் மைக்கேல் யங், கிழக்கு லண்டனின் பெத்னல் கிரீனில் ஓர் ஆய்வு நிலையம் தொடங்கினார். அதன் ஆய்வாளர்கள் வீடு வீடாகப் போய்ப் பேசினார்கள். அங்கே கல்யாணமான மகள், அம்மா வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளித்தான் குடியிருப்பாள். பிள்ளை பெற்றால் ஓடிவர அம்மா உண்டு. பிறகு, வசதியான வீடு என்று அந்தக் குடும்பங்கள் ஊருக்கு வெளியே குடியேற்றப்பட்டன. குளியலறை கிடைத்தது, அம்மா தொலைவாகிப் போனார். பீட்டர் வில்மட்டுடன் சேர்ந்து யங் இதை 1957-இல் புத்தகமாக்கினார்.

நுகர்வோருக்கான ‘விச்?’ இதழ், திறந்தநிலைப் பல்கலைக்கழகத்துக்கான யோசனை எல்லாம் அவருடையவைதான். எனக்குப் பிடித்தது ‘லாங்குவேஜ் லைன்’. ஆங்கிலம் தெரியாத நோயாளி டாக்டர் முன் விழிக்கிறார். ஒரு போன் போட்டால் மறுமுனையில் மொழிபெயர்ப்பாளர்! 1990-இல் வந்த ஏற்பாடு அது.

 

யங் 2002-இல் மறைந்தார். 2005 முதல் அந்த ஆய்வு நிலையம் அவர் பெயரில் இயங்குகிறது. இனி ஆய்வறிக்கை ஏதாவது கைக்கு வந்தால், எழுதியவர் எத்தனை வீட்டுக் கதவைத் தட்டினார் என்று முதலில் பாருங்கள்.